பிளாஸ்டிக் கார் மாடல் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீட்டு பால்கனியை ஒட்டிய ஒரு மேசையில் பல வருடங்களாக கார் மாடல் கட்டி வருகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், முதல் கிட் வாங்கியவர்கள், பாதியில் கைவிட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க நினைப்பவர்கள் என்று யார் பேசினாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் எளிய கேள்விகள், போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

சார், இதெல்லாம் கடையில ரெடிமேடாவே கிடைக்குதே, அப்புறம் ஏன் கட்டணும்?

கடையில் கிடைப்பது டை-காஸ்ட். உலோக உடம்பு, தொழிற்சாலையிலேயே பெயிண்ட் அடித்து, திருகி முடித்து வருவது. நான் சொல்வது பிளாஸ்டிக் கிட். பெட்டியைத் திறந்தால் பாலிஸ்டைரீன் சட்டங்களில் காய் காய்த்த மாதிரி பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். கூடவே நான்கு ரப்பர் டயர், கண்ணாடி பாகங்கள், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் தாள், ஒரு விளக்கக் குறிப்பு. வெட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, ஒட்டி காராக்குவது உங்கள் வேலை.

டை-காஸ்ட் வாங்குவது சேகரிப்பு, இது கைவேலை. சஸ்பென்ஷன் ஆர்ம் எங்கே மாட்டுகிறது, எக்ஸாஸ்ட் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் ஒரு காரைக் கட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

1/24, 1/25, 1/43ன்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்? எதை வாங்கறது?

1/24 என்றால் நிஜக் காரில் 24 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. நாலேகால் மீட்டர் நீளமுள்ள கார் சுமார் 18 செ.மீ. ஆகிவிடும், உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை வரும். ஜப்பானியக் கிட்டுகள் பெரும்பாலும் 1/24. அமெரிக்கக் கிட்டுகளில் 1/25 அதிகம். ஃபார்முலா 1 கார்களுக்கு 1/20 வழக்கம். 1/43 என்ற வினோத எண், ஓ கேஜ் என்ற பொம்மை ரயிலின் அளவிலிருந்து வந்தது. சட்டைப் பைக்குள் போகும் சின்னக் கார்கள் 1/64.

கட்டுவதற்கு 1/24 வாங்குங்கள். கிட்டும் உதிரி அலங்காரப் பாகங்களும் அதில்தான் அதிகம். அப்புறம், இந்த 24 என்ற எண்ணை மறக்க வேண்டாம். மாடலில் எது கண்ணுக்கு உறுத்தினாலும் அதன் அளவை 24ஆல் பெருக்கிப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். கீழே பல பதில்களில் இந்தக் கணக்குக்கே திரும்பி வருவேன்.

முதல் கிட்டா எதை வாங்கலாம் அண்ணா?

ஒரே நிறத்தில் இருக்கும் தெருக் கார் ஒன்று, டாமியா தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அவர்களின் 1966 ஃபோக்ஸ்வேகன் பீட்டில், மினி கூப்பர், ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்றவை நன்றாகப் பொருந்தும். ஜப்பானில் ஷிசுவோகா என்ற மாகாணத்தில் டாமியா, ஹசெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. டாமியா ஆரம்பத்தில் மரக்கடை. 1960இல்தான் முதல் பிளாஸ்டிக் மாடலை வெளியிட்டார்கள், அது ஒரு போர்க்கப்பல். 1976இல் 1/12 அளவில் போர்ஷே 934 செய்தபோது, ஒரு நிஜ போர்ஷே 911ஐ வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர்கள். அந்தக் குணம் இன்றும் அவர்கள் கிட்டுகளில் தெரிகிறது, பாகம் பாகத்தோடு 'டக்'கென்று உட்காரும்.

உடம்பு முழுக்க விளம்பர டெக்கால் கொண்ட பந்தயக் கார் பெட்டியில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். முதல் கிட்டாக அது வேண்டாம். நூறு டெக்கால் ஒட்டுவதற்குள் ஆர்வம் வற்றிவிடும். ஃபுஜிமி, ஆவோஷிமாவின் பழைய அச்சுகளில் வரும் கிட்டுகளையும் மூன்றாவது நான்காவது காராக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன சாமான் வேணும்? எல்லாம் ஜப்பான்லேருந்து வரவழைக்கணுமா?

ஒட்டுப் பசை, பெயிண்ட், ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தை வெட்டியெடுக்க ஒரு நல்ல நிப்பர், பெயிண்ட் படக்கூடாத இடத்தை மூடும் மாஸ்கிங் டேப் இவை மட்டும் மாடல் கடையில் வாங்குங்கள். மாஸ்கிங் டேப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹார்டுவேர் கடை டேப்பின் ஓரத்தில் பெயிண்ட் கசிந்து உள்ளே போய்விடும். மற்றதெல்லாம் ஊரிலேயே கிடைக்கும். 400லிருந்து (சொரசொரப்பு) 2000 வரை (மிக மென்மை) வாட்டர் பேப்பர் என்ற, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளும், மெருகேற்றும் ரப்பிங் காம்பவுண்டும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கார் பெயிண்ட் விற்கும் கடைகளில் உண்டு. சாமணம் பொற்கொல்லர் சாமான் விற்கும் கடையில் வாங்கினால் முனை கூர்மையாக, கச்சிதமாக இருக்கும். பிளேடு, பல்குச்சி, காது குடையும் பஞ்சுக் குச்சி, துணி கிளிப் எல்லாம் வீட்டிலேயே இருக்கும்.

ஸ்ப்ரே கேனை விமானத்தில் அனுப்ப மாட்டார்கள், அழுத்தம் ஏற்றிய, எரியும் பொருள். அதனால் வெளிநாட்டில் கிட் வாங்கும்போது பெயிண்டையும் சேர்த்து ஆர்டர் போடாதீர்கள். இங்கே இருப்பு வைத்திருக்கும் கடையில் தனியாக வாங்குங்கள்.

ஒட்டறதுக்கு ஃபெவிக்விக் போதாதா?

போதாது. மாடல் பசை என்பது ஒட்டும் பொருளே அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் தானாக உள்ளே ஓடும். இரண்டு விளிம்பும் கரைந்து ஒன்றாகி, காய்ந்ததும் ஒரே பிளாஸ்டிக்காகிவிடும். ஓடும் பசை விரல் அடியில் போனால் உங்கள் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும், அதனால் இடுக்கின் மேல் விரல் வைக்காதீர்கள்.

ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூ வகைகள் உலோகப் பாகம், ரெசின் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் பாகம் ஒட்டப் பயன்படும். கண்ணாடி பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. அது காயும்போது எழும் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும், துடைத்தால் போகாது. கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், பிசகினால் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

கிட்டே சிவப்பு பிளாஸ்டிக்லதான் வந்திருக்கு. பெயிண்ட் அடிச்சே ஆகணுமா?

அடிக்காமல் விட்டால் ஒளி பிளாஸ்டிக்குக்குள் கொஞ்சம் ஊடுருவும். அதனால்தான் அது பொம்மை போலத் தெரிகிறது, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உலோகத் தகடு என்று கண் நம்பாது. மேலும் அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு உடம்பின் மேல் ஓடும். பெரும்பாலும் முன் மட்கார்டில் ஆரம்பித்து கூரைத் தூண் வழியாகப் பின்னால் போகும். முதலில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்த்த இடம் மங்கும், எனவே பெயிண்ட் கட்டாயம்.

சிவப்பு பிளாஸ்டிக்கில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் மேல் வெள்ளை அடித்தால், பெயிண்டின் கரைப்பான் பிளாஸ்டிக் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துவரும், இரண்டு நாளில் வெள்ளைக் கார் ரோஸ் ஆகிவிடும். பிரைமருக்கு மேல் ஒரு கோட் சில்வர் அடித்து, அது காய்ந்தபின் வெள்ளைக்குப் போங்கள், சில்வர் சாயத்தை அடைத்துவிடும்.

எனாமல், லாக்கர், அக்ரிலிக்குனு தலை சுத்துது. எதை எது மேல அடிக்கலாம்?

கரைப்பானின் வீரியம்தான் விஷயம். லாக்கர் மிக வீரியமானது, அடுத்து எனாமல், மென்மையானது அக்ரிலிக். வீரியமானது அடியில், மென்மையானது மேலே. லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் கொதிக்கவைத்த பாலில் ஆடை சுருங்குவது போல அடிப்பூச்சு சுருங்கி எழும்.

டாமியாவில் டிஎஸ் என்று தொடங்கும் கேன்கள் லாக்கர், கார் உடம்புக்கானவை. பிஎஸ் என்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் உடம்புக்கானது, கிட்டுக்கு அதை வாங்கிவிடாதீர்கள். குப்பியில் வரும் எக்ஸ், எக்ஸ்எஃப் இரண்டும் அக்ரிலிக், உள்பாகங்களுக்கு நல்லது. நான் உடம்புக்கு லாக்கர், உள்ளே அக்ரிலிக், கோடுகளில் ஓடவிடும் கறுப்புக்கு எனாமல் என்று வைத்திருக்கிறேன். எனாமல் கசிந்தால் அதற்கான தின்னரைத் தொட்டுத் துடைத்துவிடலாம், அடியில் இருக்கும் லாக்கருக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்ப்ரே கேன் போதுமா, ஏர்பிரஷ் வாங்கித்தான் ஆகணுமா?

முதல் மூன்று காருக்கு கேன் போதும். அடிப்பதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். துகள் மெலிதாகி வழவழப்பாக விழும். கொதிநீர் கூடாது, வெடிக்கும். ஒரு சாண் தூரத்தில், காருக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மறுபக்கம் கடந்தபின் விடுங்கள். முதல் கோட் தூறல் போல இருந்தால் போதும், அடி தெரியட்டும். மூன்றாவது கோட்டில் முழுசாக மூடும்.

ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவி. வாங்கினால் 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் துளை) எல்லாவற்றுக்கும் சரிவரும். பெயிண்டைத் தின்னரில் பால் பதத்துக்குக் கரையுங்கள். கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றிப் பார்த்தால் பால் போல ஒரு படலம் விட்டு இறங்க வேண்டும். தயிர் போல ஒட்டினால் கெட்டி, தண்ணீர் போல ஓடினால் நீர்த்தது.

நவம்பர்ல கறுப்பு அடிச்சேன், மேல பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா ஆயிடுச்சு. பெயிண்ட் கெட்டுப்போச்சா?

பெயிண்டில் ஒன்றுமில்லை. லாக்கர் கரைப்பான் படுவேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். வடகிழக்குப் பருவமழை நாளில் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் சொட்டி, காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெண்மை. சென்னையில் கட்டுகிறவர்கள் ஒருமுறையாவது இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் உடம்பைத் தொடுவதில்லை, அன்றைக்கு சீட்டுக்கும் சேசிஸுக்கும் தூரிகை வேலை.

இதில் நானே ஒரு தப்பு செய்தேன். ஏசி அறை காய்ந்திருக்குமே என்று ஒரு பானெட்டை இரவு முழுக்க அங்கே வைத்து, காலையில் எடுத்து வந்து பால்கனியில் நேராக அடித்தேன். இரண்டாவது கோட்டிலேயே பால் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. ஏசி காரிலிருந்து இறங்கினால் மூக்குக் கண்ணாடி மூடிக்கொள்கிறதே, அதேதான். குளிர்ந்த பிளாஸ்டிக்கில் நான் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஈரம் படிந்திருந்தது. இப்போது வெளியே அரை மணி நேரம் வைத்து, உள்ளங்கைக்கு வெளிக்காற்றின் சூடு வந்தபிறகுதான் கேனைக் குலுக்குகிறேன்.

ஏற்கனவே வெளுத்துப் போயிருந்தால் தேய்த்துவிடாதீர்கள். ஈரம் குறைந்த ஒரு மதியம் வரை பொறுத்து, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் லேசாகத் தூவினால் பெயிண்ட் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பிவிடும்.

பெயிண்ட் அடிச்சதும் கதவுக் கோடே காணோம்!

24 கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். நிஜக் காரில் கதவு இடைவெளி 4 மி.மீ. என்றால் மாடலில் 0.17 மி.மீ. பிரைமர், நிறம், அதற்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. ஏறினால், அது நிஜக் காரில் 2.4 மி.மீ. கனத்துக்குப் பெயிண்ட் அப்பியது போல. கோடு மூடாமல் என்ன செய்யும்?

அதனால் பிரைமருக்கு முன்பே, பிளேடின் பின்புறத்தால் எல்லாக் கோட்டையும் நாலைந்து முறை மெதுவாக இழுத்து ஆழமாக்குங்கள். அகலம் கூடாது, ஆழம் மட்டும். அழுத்தாமல் இழுத்தால் கத்தி தடம் மாறாது. கடைசியில் கிளியர் எல்லாம் முடிந்தபின், எனாமல் கறுப்பு அல்லது கரும்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்துக் கோட்டில் ஒரு சொட்டு வைத்தால் கோடு முழுக்கத் தானே ஓடும். வெள்ளைக் காருக்குக் கறுப்பு வேண்டாம், சாம்பல் நிறம் போதும். கறுப்பு விட்டால் பென்சிலால் கோடு போட்டது போல் ஆகிவிடும்.

பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கு. கண்ணாடி மாதிரி ஆக்க முடியுமா?

முடியும், அவசரப்படாவிட்டால். கிளியர் அடித்து ஒரு வாரமாவது விடுங்கள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள், பெயிண்ட் வாசம் வந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. காய்ந்தபின் 2000 வாட்டர் பேப்பரை ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்து, பரப்பு சீராக மங்கும்வரை தேய்க்க வேண்டும். நடுவில் மினுக்கும் புள்ளி தெரிந்தால் அது இன்னும் பள்ளம். பிறகு டாமியா காம்பவுண்டில் நீல மூடி, சிவப்பு மூடி, வெள்ளை மூடி என்ற வரிசையில் மென்மையான துணியால்.

விளிம்புகளில் தேய்க்கவே கூடாது. மட்கார்டு முனை, கூரை ஓரம், பானெட் மடிப்பு எல்லாம் பெயிண்ட் மெலிந்து நிற்கும் இடங்கள். தேய்க்கும் முன் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் அடிப்பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தால், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும்.

டெக்கால் ஒட்டினா ஓரத்துல வெள்ளியா தெரியுது. வளைவுல படியவும் மாட்டேங்குது.

டெக்காலுக்கு அடியில் காற்று மாட்டினால் வெள்ளியாகத் தெரியும். மங்கிய, சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால்தான் காற்று மாட்டும். பளபளப்பான பரப்பில் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டெக்காலைத் தாளிலிருந்து அதன் மேல் நகர்த்தி இடம் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரப் பஞ்சுக் குச்சியை உருட்டினால் தண்ணீரும் காற்றும் வெளியேறும். வளைவுகளுக்கு டெக்காலை இளக்கும் திரவம் தனியாக விற்கிறார்கள். அதைத் தொட்டதும் டெக்கால் சுருங்கிக் கொசகொசவென்று ஆகும். பயந்து கை வைத்துவிடாதீர்கள், கிழிந்துவிடும். பத்து நிமிடத்தில் தானாகவே இழுத்துக்கொண்டு படியும்.

மேலே கிளியர் அடிக்கும்போது முதல் இரண்டு கோட் மிக லேசாக, தூரத்திலிருந்து. லாக்கர் கிளியர் நனைய நனைய விழுந்தால் டெக்கால் வெடித்துவிடும். பழைய கிட்டில் டெக்கால் மஞ்சளாகியிருந்தால், அந்தத் தாளைக் கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி ஒட்டி சில நாள் விடுங்கள், மஞ்சள் வெளுத்துப் போகும்.

குரோம் பாகம் எல்லாம் பொம்மை மாதிரியே இருக்கே?

கிட்டில் வரும் குரோம் பூச்சு கனமானது, வெட்டிய இடத்தில் வடு தெரியும். லிக்விட் பிளீச்சில் அரை மணி ஊற வைத்தால் பூச்சு கழன்றுவிடும். பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். கழன்றபின் பளபளப்பான கறுப்பு அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் குரோம் பெயிண்ட் மெலிதாகத் தூவுங்கள். அடியில் கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் குரோமும்.

ஜன்னல் சுற்றிவரும் மெல்லிய பட்டைக்கு ஃபாயிலை மிஞ்ச எதுவும் இல்லை. பேர்-மெட்டல் ஃபாயில் என்று பின்னால் பசையோடு விற்கிறார்கள். ஒரு துண்டை ஒட்டி, பல்குச்சியால் பட்டையின் இரு பக்கப் பள்ளத்திலும் அழுத்தி, புத்தம் புது பிளேடால் பள்ளத்தை ஒட்டி வெட்டி மிச்சத்தை உரித்துவிடுங்கள். பிளேடின் எடையே போதும், கை அழுத்தம் வேண்டாம். ஒரு ஜன்னலுக்கு ஒரு பிளேடு முனை என்று கணக்கு வைத்திருக்கிறேன். மழுங்கின முனை ஃபாயிலை வெட்டாது, கிழிக்கும்.

பானெட்டைத் திறந்தா இன்ஜினே இல்ல! ஏமாத்திட்டாங்களா?

இல்லை. ஜப்பானிய 1/24 கிட்டுகள் பலவற்றில் இன்ஜின் கிடையாது, பானெட் உடம்போடு சேர்ந்தே வரும். ஒரு காலத்தில் அங்கே மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடும் கிட்டுகளே வழக்கம். இன்ஜின் இருக்க வேண்டிய இடம் அவற்றுக்குப் போனது. பழைய அச்சுகளின் மறுபதிப்பில் சேசிஸில் அந்தத் துளைகளை இன்றும் பார்க்கலாம். அமெரிக்க 1/25 கிட்டுகளில் இன்ஜின் பொதுவாக இருக்கும். பெட்டியின் பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இன்ஜின் இருக்கற கிட்டுக்கு வயரிங் எப்படிப் பண்றது?

பிளக் வயர் நிஜத்தில் சுமார் 7 மி.மீ. கனம். 24ஆல் வகுத்தால் 0.29. வீட்டு வயரிங்குக்குப் போடும் 1 சதுர மி.மீ. வயரைச் சீவிப் பாருங்கள், உள்ளே 0.3 மி.மீ. கனத்தில் 14 செப்பு இழைகள் இருக்கும். கடையில் வாங்கத் தேவையே இல்லை. இழையைக் கறுப்பிலோ நீலத்திலோ முக்கிக் காயவைத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் 0.3 மி.மீ. ஊசித் துளைகள் போட்டுச் செருகலாம். நாலு சிலிண்டர் என்றால் பிளக்குக்கு நாலு, காயிலுக்கு ஒன்று, ஆக மொத்தம் ஐந்து.

வயரை விறைப்பாக இழுக்காதீர்கள். நிஜ வயர் தன் எடையில் கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வை விரலால் கொடுத்தால்தான் கண் நம்பும்.

உள்ளே கறுப்பு அடிச்சா ஒண்ணுமே தெரியல. இன்டீரியர்ல என்ன செய்யலாம்?

சுத்தக் கறுப்பு சின்ன அளவில் வெறும் ஓட்டையாகத் தெரியும். டேஷ்போர்டுக்கு ஒரு கரும்சாம்பல், சீட்டுக்கு இன்னொன்று, தரைக்கு வேறொன்று என்று மூன்று சாயல் வையுங்கள். டயருக்கும் இதே யோசனைதான். அதோடு டயரின் நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை 400 தாளில் தேய்த்து எடுத்தால், மேல்பரப்பு மங்கி ஓடின டயர் போலாகிவிடும்.

சீட் பெல்ட் நிஜத்தில் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலம், மாடலில் 2 மி.மீ. மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்தில் வெட்டி நிறமடித்துப் போட்டாலே போதும். ஜன்னல் வழியாகப் பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான்.

மெட்டாலிக் கலர் கார் கடையில மலிவா கிடைக்குதே, அதை அடிக்கலாமா?

சாதா நிறம் அடிக்கலாம், நல்ல பிரைமர் போட்டு. மெட்டாலிக் வேண்டாம். நிஜக் கார் பெயிண்டில் இருக்கும் அலுமினியத் துகள் நிஜக் காருக்கு ஏற்ற அளவு. மாடலில் அதை 24ஆல் பெருக்கினால், பெயிண்டில் ஜிகினா கலந்த மாதிரி இருக்கும். ஒருவர் காட்டிய நீல ஸ்கைலைன் மிக நேர்த்தியாகக் கட்டியது, ஆனால் அந்த மினுக்கே அது 18 செ.மீ. கார் என்று சொல்லிக்கொடுத்துவிட்டது. மாடலுக்கென்று விற்கும் மெட்டாலிக்கில் துகளை மிக நுண்ணியதாக அரைத்திருப்பார்கள்.

எங்க தாத்தா ஓட்டின அம்பாசிடரைக் கட்டணும். கிட் கிடைக்குமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நான் மேலே சொன்ன ஷிசுவோகா நிறுவனங்களின் பட்டியலில் அம்பாசிடர் கிடையாது. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் புல்-பேக் பொம்மையிலிருந்து ஆரம்பிக்கலாம், அல்லது ரெசினில் 3டி பிரின்ட் எடுக்கலாம். பொம்மையின் அளவைக் கண்டுபிடிக்க முன் பின் சக்கர மையங்களுக்கு இடையே அளந்து, 2,464ஐ அந்த மி.மீ.யால் வகுங்கள். நிஜ அம்பாசிடரின் வீல்பேஸ் 2,464 மி.மீ. அளந்தது 70 மி.மீ. என்றால் அது சுமார் 1/35. 1/24 வேண்டுமானால் 102.7 மி.மீ. வர வேண்டும், மொத்த நீளம் சுமார் 18 செ.மீ. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 தான் இதன் மூலம் என்பதால் அந்த வண்டியின் வரைபடமும் உடம்பு வடிவத்துக்கு உதவும், கிரில்லும் விளக்குகளும் மட்டும் மாறும்.

எந்த வருடத்து வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2014 வரை அரை நூற்றாண்டுக்கு மேல் வந்த கார், கிரில் பலமுறை மாறியிருக்கிறது. நம்பர் பிளேட்டும் அப்படித்தான், டிஎன் வரிசைக்கு முந்தைய வண்டிக்கு டிஎன் போட்டால் தாத்தாவே கண்டுபிடித்துவிடுவார். அரசு வண்டி என்றால் கூரையில் சிவப்பு விளக்கு, 2017 மே 1ஆம் தேதிக்கு முந்தைய காலத்தைக் காட்டுவதாக இருந்தால் மட்டும்.

ஒரு அரசு அம்பாசிடருக்காகப் பின்சீட்டில் வெள்ளை டர்க்கித் துண்டு செய்தேன். டிஷ்யூ தாளின் ஒரு அடுக்கை மட்டும் பிரித்து, சீட் அகலத்துக்கு வெட்டி, தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் நனைத்து சீட் முதுகின் மேல் போட்டேன். காயும் முன் பல்குச்சியால் இரண்டு மடிப்பு இழுத்து, ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு மயிரிழைக் கோடு. அந்தத் துண்டு வந்ததும்தான் அது கலெக்டர் வண்டியானது.

அழுக்கு, தூசி எல்லாம் காட்டணுமா?

தெருக் காருக்கு அவசியமில்லை. ராலி காருக்கு அழகு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் தயாரித்த மிட்சுபிஷி லான்சரின் அண்ணன் முறைதான் ராலியில் ஓடிய லான்சர் எவல்யூஷன், அதன் 1/24 கிட்டை டாமியா செய்திருக்கிறது. நம் ஊர் செம்மண் பூசிக் கட்ட அது பொருத்தமான கார். பேஸ்டல் சாக்கட்டியை வாட்டர் பேப்பரில் உரசினால் பொடி கிடைக்கும். செங்கல் நிறமும் வெளிர்பழுப்பும் கலந்து தூரிகையால் தட்டுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் அதிகம், கதவின் கீழ்ப்பாதியில் குறைவாக, கூரையில் ஏறக்குறைய இல்லை. முன் கண்ணாடியில் வைப்பர் துடைத்த வளைவு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும், அதற்கு அந்த வடிவில் டேப் வெட்டி ஒட்டிவிட்டுத் தூசி போடுங்கள்.

பெயிண்ட் முழுக்க சொதப்பிட்டேன். உடம்பைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?

வேண்டாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒரு இரவு மூழ்கவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் முழுக்கவும் லாக்கர் பெரும்பாலும் வந்துவிடும். பிடிவாதமான லாக்கருக்கு பிரேக் ஆயில் பழைய வழி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் திரவமானாலும் முதலில் ஒரு ஸ்ப்ரூ துண்டை அதில் போட்டு மறுநாள் பாருங்கள், பிளாஸ்டிக் இளகாமல் இருந்தால்தான் உடம்பை இறக்கலாம். அசிட்டோன் கூடவே கூடாது, உடம்பே கரைந்துபோகும்.

வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க. இந்த நாத்தம் ஒண்ணும் பண்ணாதா?

பண்ணும். லாக்கரை மூடிய அறையில் அடிக்கவே கூடாது. என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும். ரெசின் பாகத்தைத் தேய்க்கும்போது நேர்மாறு, அங்கே தூசிதான் ஆபத்து. என்95 போட்டுத் தண்ணீரோடு தேய்க்க வேண்டும். நான் குழந்தைகள் பள்ளிக்குப் போனபின் பால்கனியில் அடித்து, உடம்பை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா கவிழ்த்து மூடி அங்கேயே விட்டுவிடுவேன். தூசியும் விழாது. பசங்களுக்கு ஆசை என்றால் பசை, பெயிண்ட் இரண்டும் தேவைப்படாத, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் ஸ்னாப் கிட்டுகள் வருகின்றன.

கட்டி முடிச்சு ரெண்டு வருஷத்துல டயர் வீலோட ஒட்டிக்கிச்சு. என்ன காரணம்?

மென்மையான டயருக்குள் இருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியே கசிந்து, பாலிஸ்டைரீனை இளக்குகிறது. பழைய கிட்டுகளில் இது அதிகம். பெட்டிக்குள் உடம்பின் மேல் டயர் கிடந்தாலே பள்ளம் விழும், எனவே கட்டாத கிட்டாக இருந்தாலும் டயரைத் தனி ஜிப் கவரில் போட்டு வையுங்கள். கட்டும்போது வீல் விளிம்பில் சமையலறை அலுமினிய ஃபாயிலை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டிவிட்டு டயரை மாட்டினால் இரண்டும் தொடாது. அலமாரியில் நிறுத்தும்போது டயரடியில் ஒரு கண்ணாடித் துண்டோ ஃபாயிலோ இருக்கட்டும், பெயிண்ட் அடித்த பலகையில் நேராக நிறுத்தினால் நான்கு கறை விழும்.